எக்ஸ்பிடைட் வேலைக்கு எந்த வான்? ஸ்காபரோ வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணா, எனக்கு 43 வயது. ஸ்காபரோவில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். 11 வருடம் வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓடினேன், இப்போது அந்த இடத்தை மூடிவிட்டார்கள். கையில் 45,000 டொலர் இருக்கிறது. சொந்தமாக வான் வாங்கி, ரொறன்ரோவிலிருந்து மிச்சிகன், ஒஹாயோ பக்கம் எக்ஸ்பிடைட், அதாவது அவசரச் சரக்கு, ஓட நினைக்கிறேன். மூன்று வான் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, நண்பர் ஒருவரின் ஸ்பிரின்ரர் 3500. பின்னால் இரட்டைச் சில்லு, மிக நீளமானது, 340,000 கிலோமீற்றர், 29,000 டொலர் கேட்கிறார். இரண்டு, டீலரிடம் இருக்கும் 2021 ட்ரான்சிற் 350, நீட்டிய உடம்பு, உயர்ந்த கூரை, 88,000 கிலோமீற்றர், 39,500 டொலர். ஸ்ரிக்கரில் 9,500 இறாத்தல் என்று இருக்கிறது. மூன்று, மாதக் கட்டணத்தில் புதிய புரோமாஸ்ரர் 2500, 136 அங்குல வீல்பேஸ் (முன், பின் சில்லுகளுக்கு இடையே உள்ள தூரம்). பெரிய வான் என்றால் பெரிய லோட் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள தம்பி,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரின்ரரை விட்டுவிடுங்கள். மூன்றிலும் ட்ரான்சிற்தான் நீங்கள் ஓடப்போகிற வேலைக்குப் பொருந்துகிறது. ஆனால் அதற்கும் இந்தக் கிழமை முற்பணம் கொடுக்க வேண்டாம்.

நான் 14 வருடம் இந்த வேலையில் வான் ஓடியவன். இப்போது ஆறு வான்களுக்கு டிஸ்பாட்ச் பார்க்கிறேன். ஒரு லோட் வந்ததும் எந்த வானைக் கூப்பிடுவது என்று தினமும் முடிவெடுப்பது என் வேலை. ஆகவே அந்தக் கதிரையிலிருந்து பார்த்தால் உங்கள் மூன்று வானும் எப்படித் தெரிகின்றன என்று எழுதுகிறேன்.

அலிஸ்ரனில் ஹொண்டா, கேம்பிரிட்ஜிலும் வூட்ஸ்ரொக்கிலும் ரொயோட்டா, இப்படித் தெற்கு ஒன்ராறியோவில் இருக்கிற கார்த் தொழிற்சாலைகள் பாகங்களைக் குவித்து வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து சேரும். ஏதோ ஒரு காரணத்தால் ஒரு ட்ரெய்லர் பிந்தினால், உற்பத்தி லைன் நிற்பதற்குள் இரண்டு ஸ்கிட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பாகம் வந்தாக வேண்டும். அப்போதுதான் எங்களுக்கு அழைப்பு வருகிறது. டிஸ்பாட்ச் கேட்பது நான்கே கேள்வி. எத்தனை ஸ்கிட்? என்ன உயரம்? என்ன எடை? எங்கே நிற்கிறீர்கள்? இதில் முதல் மூன்றுக்கும் பதில் சொல்வது வான். அந்தப் பதிலை நீங்கள் வாங்குகிற அன்றே தீர்மானித்துவிடுகிறீர்கள்.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் இதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். வான், சரக்கு, நீங்கள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு வரை போகலாம் என்ற இலக்கம் அதில் இருக்கும். இரட்டைச் சில்லு ஸ்பிரின்ரரில் அது 11,030 இறாத்தல். அமெரிக்காவில் 10,001 இறாத்தலிலிருந்து அது முழு வணிக வாகனம். எத்தனை மணிநேரம் ஓடலாம் என்று ட்ரக்காரர்களுக்கு இருக்கிற நேர விதி, மின் லொக்புக், மருத்துவச் சான்று எல்லாம் உங்களுக்கும் வந்துவிடும். ஒன்ராறியோவில் கோடு இன்னும் கீழே, 4,500 கிலோ. அதைத் தாண்டினால் சி.வி.ஓ.ஆர். என்ற வணிக வாகனப் பதிவு எடுக்க வேண்டும், வருடாந்தப் பரிசோதனை செய்ய வேண்டும், இங்கேயும் நேர விதி உண்டு. எக்ஸ்பிடைட்டில் வானுக்கு மதிப்பு இருப்பதே அது இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால்தான். இரட்டைச் சில்லு வாங்கினால் ட்ரக்கின் சுமை எல்லாம் உங்கள் தலையில், சம்பளம் மட்டும் வானுக்குரியது.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். 4,500 கிலோ என்பது 9,921 இறாத்தல். அமெரிக்கக் கோடு அதைவிட 80 இறாத்தல் மேலே இருக்கிறது. 9,950, 9,990 என்று ஸ்ரிக்கர் ஒட்டிய வான்கள் சந்தையில் உண்டு. அமெரிக்கக்காரருக்கு அவை சரி. நாங்கள் அந்த எடை முழுவதையும் ஏற்றினால் எங்கள் ஊர்க் கோட்டைத் தாண்டிவிடுவோம். ட்ரான்சிற்றின் 9,500 இறாத்தல் 4,309 கிலோ, புரோமாஸ்ரர் 2500 வழக்கமாக 8,900 இறாத்தல். இரண்டும் எல்லையின் இரு பக்கமும் கோட்டுக்குள் நிற்கின்றன. கார் ஓட்டுகிற உங்கள் ஜி லைசன்ஸே போதும். ஆனால் அறிவிப்புப் பலகை ஒட்ட வேண்டிய ஆபத்தான சரக்கை எடுத்தால் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விதிகள் மாறும். அதைத் தொடவேண்டாம்.

அடுத்தது அளவு. ஃபோர்க்லிஃப்ட் ஓடியவருக்கு ஸ்கிட் 48க்கு 40 அங்குலம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வானுக்குள் அது உட்காரும் விதத்தை வெளியே நின்று பார்த்தால் பிடிபடாது. பின் சில்லுகளின் வளைவு உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். அந்த இரண்டு வளைவுக்கும் இடையே உள்ள அகலம்தான் கணக்கு. ஒற்றைச் சில்லு ட்ரான்சிற்றில் அது 55 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 48 அங்குலப் பக்கத்தை அகலத்துக்கு வைக்கலாம், ஒவ்வொரு ஸ்கிட்டும் நீளத்தில் 40 அங்குலம்தான் எடுக்கும். நீட்டிய ட்ரான்சிற்றின் தளம் சுமார் 172 அங்குலம். நான்கு ஸ்கிட்டுக்கு 160. மூன்று மட்டும் ஏற்றினால் முன்னால் 52 அங்குலம் மிச்சம், அதில் ஒரு படுக்கை போடலாம்.

இரட்டைச் சில்லு ஸ்பிரின்ரரில் அந்த வளைவுகளுக்கு இடையே 38 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 40 அங்குல ஸ்கிட் இறங்கவே இறங்காது. எங்கள் பக்கத்து யார்ட்டில் ஒருவர் அப்படி ஒரு வானை வாங்கிவிட்டு, வளைவுக்கு மேல் மரச்சட்டம் அடித்துத் தளத்தை உயர்த்தினார். உயர்த்தியதால் உயரம் போனது, சட்டத்தின் பாரத்தால் எடை போனது. நீளமான வான் என்று சொல்லி விற்றவர் அந்த இரண்டு அங்குலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் பார்த்த புரோமாஸ்ரரில் தளம் சுமார் 123 அங்குலம். மூன்று ஸ்கிட்டுக்கு 120. தாளில் ஏறிவிடும். ஆனால் பெட்டி ஸ்கிட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் தள்ளிக்கொண்டிருப்பது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் அந்த வானை நான் இரண்டு ஸ்கிட் வான் என்றுதான் டிஸ்பாட்ச் பலகையில் எழுதுவேன். படுக்கைக்கும் இடமில்லை.

இதை வைத்து புரோமாஸ்ரரைக் குறைவாக நினைக்க வேண்டாம். அதன் தளம் நிலத்திலிருந்து 21 அங்குலம்தான், கையால் ஏற்றி இறக்குகிறவரின் முதுகுக்கு அது பெரிய உதவி. முன் சில்லு இழுவை என்பதால் வெறுமையாக இருக்கும்போது பனியில் நன்றாகப் பிடிக்கும். மிசிசாகா, வோன் என்று நகருக்குள் நாளுக்கு எட்டு இடம் இறக்குகிற வேலை என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லியிருப்பேன்.

உயரம். நான் முதலில் வாங்கியது கூரை தாழ்ந்த வான். விலை மலிவு, காற்றில் ஆடாது, எரிபொருளும் குறைவு. அந்த வின்ரர் முழுக்க டிஸ்பாட்ச் எடுப்பார், ‘இரண்டு ஸ்கிட், 64 அங்குல உயரம்’ என்பார், நான் ‘ஏறாது’ என்பேன். அப்புறம் அவர் எடுப்பதையே குறைத்துவிட்டார். உயர்ந்த கூரைதான் வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் உள்ளே 81 அங்குலம் என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பி ஒப்புக்கொள்ளக்கூடாது. பின்கதவின் வாய் அதைவிடப் பல அங்குலம் தாழ்வு. ஸ்கிட் நுழைய வேண்டியது அந்த வாயால்தான்.

ஏற்றக்கூடிய எடைக்கு வருகிறேன். அதே தூணில் ரயர் அளவு எழுதிய இன்னொரு ஸ்ரிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும். அந்த வானுக்கென்றே கணக்கிட்ட இலக்கம் அது. பிரசுரத்தில் இருப்பது வேறு, இது வேறு. அதிலிருந்து உங்கள் எடை, தளப்பலகை, தடுப்புச்சுவர், படுக்கை, ஹீட்டர், கட்டுப்பட்டிகள் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம்தான் நீங்கள் டிஸ்பாட்சுக்குச் சொல்ல வேண்டிய எடை. எல்லாவற்றையும் பொருத்திய பிறகு ட்ரக் நிறுத்தம் ஒன்றில் இருக்கும் கற் ஸ்கேல் என்ற வாகன எடைமேடையில் ஒருமுறை ஏற்றி நிறுத்துப்பாருங்கள். செலவு அதிகமில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒஹாயோவில் ஒரு இரவு, தாளில் 2,400 இறாத்தல் என்று எழுதிய இரண்டு ஸ்கிட் உலோகப் பாகம் ஏற்றினார்கள். இரண்டாவது ஸ்கிட் இறங்கியதும் வானின் பின்பக்கம் அமுங்கிய விதத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்த தராசில் நிறுக்கச் சொன்னேன். 3,900. ஒன்றை இறக்கச் சொல்லிவிட்டேன். சரக்கு அனுப்புகிற ஷிப்பர் கத்தினார், டிஸ்பாட்சுக்கும் கோபம். ஆனால் அந்தப் பாரத்துடன் மழையில் 401 நெடுஞ்சாலையில் வந்து, பிரேக் பிடிக்காமல் ஒரு குடும்பத்தின் காருக்குள் போயிருந்தால் அந்தக் கோபக்காரர் யாரும் என்னுடன் நின்றிருக்க மாட்டார். நீங்கள் ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்தவர். ஒரு ஸ்கிட்டைத் தூக்கும்போதே அதன் பாரம் உங்கள் கைக்குத் தெரியும். அது பெரிய பலம், அதை விட்டுவிடாதீர்கள்.

டீசலா காஸா (பெற்றோல்) என்று கேட்பீர்கள். சும்மா கணக்குக்காக, டீசல் வான் 100 கிலோமீற்றருக்கு 12 லீற்றர், காஸ் வான் 16 லீற்றர் என்று வையுங்கள். டீசல் 1.65, காஸ் 1.50 டொலர். 100 கிலோமீற்றருக்கு 4 டொலர் 20 சதம் மிச்சம். வருடம் 140,000 கிலோமீற்றர் ஓடினால் 5,880 டொலர். சின்னக் காசில்லை. ஆகவே டீசல் மோசம் என்று நான் சொல்லமாட்டேன், நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு அது நல்லது. ஆனால் 340,000 கிலோமீற்றர் ஓடிய டீசலில் என்ஜினைவிடப் புகை சுத்திகரிக்கும் பகுதிதான் பயம். சென்சர், வடிகட்டி, டி.ஈ.எஃப். திரவத்தின் தாங்கி. அதில் கோளாறு வந்தால் இன்னும் இத்தனை தடவைதான் ஸ்ரார்ட் ஆகும் என்று ஸ்பிரின்ரரின் திரை எண்ணத் தொடங்கிவிடும். சனிக்கிழமை இரவு, ஒரு சின்ன ஊரில், உள்ளே யாரோ காத்திருக்கிற பாகத்துடன் அப்படி நின்றால் ஒரு வருட மிச்சம் ஒரே கிழமையில் போய்விடும். ஃபோர்ட் பழுதுபார்ப்பவர் அநேகமாக எந்த ஊரிலும் இருப்பார். முதல் வானுக்கு அது போதுமான காரணம். ட்ரான்சிற்றில் ரேர்போ இல்லாத 3.5 லீற்றர் வி6 என்றால் அதுவே போதும், ரேர்போவைத் தேடி அலைய வேண்டாம்.

டீலர் வாரண்டியைப் பற்றிப் பேசுவார். ஃபோர்ட்டின் பவர்ட்ரெயின் வாரண்டி கனடாவில் 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர், எது முன்னே வருகிறதோ அது. 5 வருடம் இன்னும் முடியாமல் இருந்தால்கூட, 88,000இல் நிற்கும் வான் முழுநேரம் ஓடினால் சுமார் ஒரு மாதத்தில் 100,000ஐத் தாண்டிவிடும். ஆகவே வாரண்டிக்கு விலை கொடுக்காதீர்கள். டீலரோடு சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, கியர்பொக்ஸ், பின் அச்சு, அடிப்பக்கத் துரு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களில் யாராவது 2015 முதல் 2017 வரையான ட்ரான்சிற் பார்த்தால், டிரைவ்ஷாஃப்ட் இணைப்புக்கான ரீகோல் வேலை (கொம்பனி திருப்பியழைத்துச் செய்யும் திருத்தம்) முடிந்திருக்கிறதா என்று வின் இலக்கத்தை (வானின் அடையாள இலக்கம்) வைத்துக் கட்டாயம் பாருங்கள்.

படுக்கையைப் பற்றி மேலே சொன்னேன். அது ஆடம்பரம் இல்லை. கோட்டுக்குக் கீழே இருக்கும் வானுக்கு நேர விதி இல்லை என்பதன் மறுபக்கம் என்னவென்றால், 20 மணிநேரம் விழித்திருப்பவரைச் சட்டம் நிறுத்தாது. டிஸ்பாட்சும் சிலவேளை நிறுத்தாது. கண் சொருகினால் நிற்பதற்கு வானுக்குள் இடமிருக்க வேண்டும். ட்ரான்சிற்றின் உள் அகலம் கூடியது 70 அங்குலம், அதாவது ஐந்தடி பத்து. சுவருக்குப் பலகை அடித்தால் இன்னும் குறையும். நீங்கள் அதைவிட உயரம் என்றால் குறுக்கே படுக்க முடியாது. அப்போது 159 அங்குல வீல்பேஸ் உள்ள நீட்டிய புரோமாஸ்ரரையும் பாருங்கள், அதன் அகலம் 75 அங்குலத்துக்கு மேல். தளம் 160 அங்குலம், மூன்று ஸ்கிட்டும் 40 அங்குலப் படுக்கையும் சரியாக வரும்.

வின்ரரில் இரவு முழுக்க என்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. வெபாஸ்ரோ, எஸ்பார் போன்ற தனி ஹீட்டர்கள் காஸ் வானுக்கும் கிடைக்கும், முறையாகப் பொருத்துவியுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் இல்லாமல் ஒரு இரவுகூடப் படுக்க வேண்டாம். மெல்லிய புரொபேன் அடுப்புகளை வானுக்குள் மூட்டவே கூடாது. ரயர் விஷயத்தில் மலையும் பனித்துகளும் படம் போட்ட வின்ரர் ரயர், அதிலும் கூடிய பாரம் தாங்கும் லோட் ரேஞ்ச் ஈ. ட்ரான்சிற் பின் சில்லு இழுவை என்றால், வெறுமையாகத் திரும்பும்போது ஒன்ராறியோவின் லண்டனுக்கும் வின்ட்சருக்கும் இடையே குறுக்குக் காற்றும் பனியும் சேர்ந்தால் உயர்ந்த கூரை வான் உங்களைப் பக்கத்து லேனுக்குத் தள்ளும். வேகத்தைக் குறைப்பதைத் தவிர அதற்கு மருந்தில்லை.

வெறும் ஓட்டமும் இந்த வேலையின் பாதி. கனடியச் சாரதி அமெரிக்காவுக்குள் ஒரு ஊரில் ஏற்றி இன்னொரு அமெரிக்க ஊரில் இறக்க முடியாது. ஒஹாயோவில் இறக்கினால் கனடாவுக்கு வரும் லோட்டுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறுமையாக வர வேண்டும். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று யாராவது சொன்னால், அதைப் போகும் தூரத்துக்கு மட்டும் பெருக்காமல் போய்வரும் தூரத்துக்குப் பிரித்துப்பாருங்கள். இன்னொன்று, நீங்கள் குடியுரிமை எடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. பி.ஆர். அட்டையும் இலங்கைப் பாஸ்போர்ட்டும் என்றால் அமெரிக்க விசா இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. அது கையில் வரும்வரை வான் வாங்கி முற்றத்தில் நிறுத்துவதில் பயனில்லை.

இனிக் காசு. 39,500உடன் 13 வீத வரி சேர்த்தால் 44,635 டொலர். உங்களிடம் மிஞ்சுவது 365. காப்புறுதிக்கும் முதல் மாத எரிபொருளுக்கும் என்ன செய்வீர்கள்? கொம்பனிகள் காசு தர 30 நாள், சிலவேளை 45 நாள் எடுக்கும். முழுக் காசையும் வானில் போடாதீர்கள். பாதியைக் கடனாக எடுங்கள், குறைந்தது மூன்று மாதச் செலவு வங்கியில் இருக்கட்டும். எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரிக்கு முன்கூட்டியே பதிந்துகொண்டால் டீலரிடம் கட்டும் அந்த 13 வீதத்தைத் திரும்பக் கோரலாம், கணக்காளரிடம் பேசுங்கள். நண்பரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கினால் பதிவின்போது கட்டும் 13 வீதம் மாகாண வரி, அது திரும்பி வராது. 29,000 என்று தெரிகிற விலை உண்மையில் 32,770.

கடைசியாக, முற்பணம் ஏன் வேண்டாம் என்பது. முதலில் நீங்கள் ஓடப்போகிற கொம்பனியைப் பிடியுங்கள். எல்லை தாண்டுவதற்கான அனுமதியும், சரக்கு விபரத்தை எல்லைக்கு முன்கூட்டியே மின்முறையில் அனுப்பும் ஈமனிஃபெஸ்ட் ஏற்பாடும் அவர்களுடையதாக இருக்க வேண்டும், தொடக்கத்தில் அதைத் தனியாகச் செய்ய முயலவேண்டாம். எந்த வருட வான் வரை எடுப்பீர்கள், எந்த அளவு லோட்டை வான் இல்லாமல் விடுகிறீர்கள் என்று டிஸ்பாட்சிடம் நேரே கேளுங்கள். பிறகு அந்த ட்ரான்சிற்றின் வின் இலக்கத்தைக் கொடுத்து, கூலிக்குச் சரக்கு ஏற்றி அமெரிக்கா போவதற்கான வணிகக் காப்புறுதிக்கு எழுத்தில் விலை கேளுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த விலை வயிற்றைக் கலக்கும். சாதாரண வீட்டுக் கார்க் காப்புறுதியில் ஓடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு விபத்தில் வீடே போய்விடும்.

இந்தச் சனிக்கிழமை டீலரிடம் போகும்போது அளவுநாடா கொண்டுபோங்கள். பின்கதவு வாயின் உயரம், சில்லு வளைவுகளுக்கு இடையே உள்ள அகலம், தளத்தின் நீளம், தூணில் இருக்கும் இரண்டு ஸ்ரிக்கர்களின் படம், இவற்றோடு உங்கள் உயரத்தையும் எழுதி அனுப்புங்கள். காப்புறுதி விலையும் வந்துவிட்டால் சேர்த்து அனுப்புங்கள், ஓட்டத்துக்கு அது தாங்குமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.